பற்று நோட்டும் கணினியும்: தகவல் அறவியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

கல்லூரிகளில் ‘கணினி அறம்’ என்று ஒரு கருத்தரங்கு வைத்தால், பேச வருகிறவர் பெரும்பாலும் சைபர் கிரைம் பிரிவு அதிகாரியாகத்தான் இருப்பார். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், பெண்பிள்ளைகள் முகப்பில் சொந்தப் படம் வைக்க வேண்டாம் என்பார். கைதட்டல், டீ, சான்றிதழ். பாளையங்கோட்டை ஆனாலும் தென்காசி ஆனாலும் இதுதான் வாடிக்கை. அவர் சொல்வது தேவையான அறிவுரைதான். ஆனால் பணமும் மானமும் போகாமல் பார்த்துக்கொள்வதற்கான வழிகளைத்தான் அவர் சொன்னார். அறம் பற்றிய பேச்சு அங்கே இன்னும் தொடங்கவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி அறிவுரைக்குள்ளேயே நல்ல அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. படத்தை எடுத்து மார்ஃபிங் செய்தவன் ஒருவன் இருக்கும்போது, படம் வைத்தவள் ஏன் ஒதுங்க வேண்டும்? அதைக் கேட்க யாரும் மைக்கை வாங்குவதில்லை.

பாதுகாப்பு, சட்டம், அறம்

இந்த மூன்றும் அக்கம்பக்கத்தில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடுகிறோம். தகவல் பாதுகாப்பு என்பது பார்க்கக் கூடாதவர் பார்க்காமலும் மாற்றக் கூடாதவர் மாற்றாமலும் தடுக்கிற வேலை. சட்டம் எதற்கு என்ன தண்டனை என்று சொல்லும். அறவியல் என்பது எது சரி, எது தவறு, ஏன் என்று காரணம் கேட்கும் தத்துவத்தின் ஒரு கிளை. அந்தக் கேள்விகளைக் கணினி, தரவு, இணையம் ஆகியவற்றிடம் கொண்டுபோனால் அது கணினி அறவியல். தகவல் என்ற பொருளையே நடுவில் வைத்துக் கேட்டால் தகவல் அறவியல். இரண்டுக்கும் நடுவே பெரிய வேலி கிடையாது.

சட்டமும் அறமும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 66ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கணினி வழியே ‘எரிச்சல்’ உண்டாக்கும் செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டுவரை சிறை. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. 23ஆம் தேதி ஒருவர் போட்ட கேலிப் பதிவுக்காகக் கைதுகூட ஆகியிருக்கலாம். 25ஆம் தேதி அதே பதிவைத் தொட அந்தப் பிரிவு இல்லை. பதிவு நல்லதா கெட்டதா என்பது இரண்டே நாளில் மாறிவிடவில்லையே.

பாதுகாப்பும் அப்படித்தான். ஒரு நிறுவனம் உங்கள் தரவை யாரும் உடைக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கலாம். அந்தத் தரவை முதலில் உங்களிடமிருந்து வாங்கியிருக்கவே வேண்டுமா என்று எந்தப் பூட்டும் கேட்காது.

அண்ணாச்சியின் பற்று நோட்டு

சரி, தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். திருநெல்வேலிப் பக்கம் மளிகைக் கடை என்றால் அண்ணாச்சி, அண்ணாச்சி என்றால் பற்று நோட்டு. மாதம் பூராவும் சாமான் வாங்கி, கையில் காசு வந்ததும் அடைப்பார்கள். அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு தெருவின் கதையே கிடைக்கும். எந்த வீட்டில் புதிதாகக் குழந்தைப் பால்மாவு போகிறது, எந்த வீட்டில் சீனி நின்றுவிட்டது, எந்த வீட்டில் இருபதாம் தேதிக்கு மேல் எண்ணெய் கால் லிட்டராகச் சுருங்குகிறது, எல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியும்.

அப்படியும் யாரும் பயந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போய் “அவுக வீட்டுப் பற்று எம்புட்டு?” என்று கேட்டால், “அது ஒமக்கு எதுக்கு வே?” என்று முடித்துவிடுவார். அண்ணாச்சிமார் எல்லாரும் வாய் திறக்காத முனிவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வம்பு பேசினால், பேசியது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் பற்று வேறு கடைக்குப் போய்விடும். எங்கும் எழுதி வைக்காத ஓர் ஒழுங்கு அந்த நோட்டைக் காத்தது.

இப்போது அதே நோட்டைக் கணினியில் ஏற்றுவோம். முதலில், பிரதி எடுப்பதற்குச் செலவே இல்லை, எடுத்த தடமும் தெரியாது. அடுத்து, மறதி போய்விடுகிறது. பழைய நோட்டில் கணக்கு அடைந்ததும் குறுக்கே கோடு அடிப்பார்கள். நோட்டு தீர்ந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கணினியில் பத்து வருடத்துக்கு முந்தைய கால் லிட்டர் எண்ணெயும் அப்படியே நிற்கும். அப்புறம், இந்த நோட்டை மருந்துக் கடை பில்லோடும் செல்போன் ரீசார்ஜோடும் ஒட்டலாம். ஒட்டினால், யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள் வெளியே வரும்: இந்த வீட்டில் சர்க்கரை நோய், அந்த வீட்டில் வேலை போயிருக்கிறது. கையிலிருக்கும் தகவலிலிருந்து கையில் இல்லாத தகவலைக் கணித்தெடுக்கும் இந்த வேலைக்கு அனுமானம் என்று பெயர்.

அண்ணாச்சியும் மனசுக்குள் அனுமானிக்கத்தான் செய்தார். ஆனால் அவர் அனுமானித்தது ஒரு தெருவை, அதுவும் அவரை நேரில் பார்த்துச் சண்டை போடக்கூடிய ஆட்களை. கணினியில் இதையே லட்சக்கணக்கான வீடுகளுக்கு, யாரென்றே தெரியாத ஒருவர் செய்யலாம்.

இதுவரை வந்த இடம் இதுதான்: தகவல் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த ஒழுங்குதான் கழன்று விழுந்தது. அறக்கேள்வி அந்த இடைவெளியில் பிறக்கிறது.

விதி இல்லாத இடம்

இந்த இடைவெளிக்கு ஒரு பெயர் வைத்தவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜேம்ஸ் மூர். 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில், கணினி வந்ததும் ‘கொள்கை வெற்றிடம்’ உண்டாகிறது என்றார். முன்பு செய்ய முடியாத ஒன்று இப்போது முடிகிறது. அதைச் செய்யலாமா கூடாதா என்று சொல்ல விதி எதுவும் இல்லை. அதுதான் வெற்றிடம். ஏன் கணினிக்கு மட்டும் இது இத்தனை தடவை நேர்கிறது? மிக்சியால் அரைக்கத்தான் முடியும், தையல் மிஷினால் தைக்கத்தான் முடியும். கணினிக்கு அப்படி ஒரே வேலை கிடையாது. உள்ளே போவது இது, வெளியே வர வேண்டியது அது, நடுவில் நடக்க வேண்டிய படிகள் இவை என்று பிரித்துச் சொல்ல முடிகிற எந்த வேலைக்கும் அதை வளைக்கலாம் என்பது மூரின் விடை.

சரி, விதி இல்லையென்றால் ஒரு விதி போட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் மூர் அடுத்த படிக்குப் போகிறார். விதி போடுவதற்கு முன்னால், எதற்கு விதி போடுகிறோம் என்றே தெளிவாக இருக்காது. இதை அவர் ‘கருத்துக் குழப்பம்’ என்றார். கணினி நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அது எழுத்தா, கருவியா, வெறும் கருத்தா? எழுத்து என்றால் பதிப்புரிமை (காப்பிரைட்), கருவி என்றால் காப்புரிமை (பேட்டன்ட்), கருத்து என்றால் யாருக்கும் சொந்தமில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகைக்குள் கொண்டுவந்தது. ஆக, சட்டத்தின் கண்ணில் ஒரு சிறுகதையும் கடையில் பில் போடும் மென்பொருளும் ஒரே பந்தியில் உட்காருகின்றன. காப்புரிமைச் சட்டமோ, நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பு ஆகாது என்று 3(கே) பிரிவில் ஒதுக்கிவிட்டது. இப்படி வகைபிரித்தது சரியா என்று இன்னும் வாதாடலாம். ஆனால் வகை தெரிந்த பிறகுதான் உரிமையைப் பற்றிப் பேசவே முடிந்தது.

இந்தத் துறை மூரோடு தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்கான கணிப்பு முறைகளில் வேலை செய்த கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், தானே திருத்திக்கொள்ளும் இயந்திரங்கள் மனித வாழ்க்கையை என்ன செய்யும் என்று 1950 வாக்கிலேயே கவலைப்பட்டு எழுதினார். 1970களின் நடுவில், மருத்துவ அறவியல் கற்பித்துக்கொண்டிருந்த வால்டர் மேனர் என்ற ஆசிரியர், கணினி நுழைந்ததும் பழைய சிக்கல்கள் வேறு முகம் எடுப்பதைக் கவனித்து இதற்குக் கணினி அறவியல் என்று பெயர் சூட்டினார். கணினி உண்டாக்கும் சிக்கல்கள் முழுக்கப் புதியவையா, பழைய சிக்கல்களின் புது வகைகளா என்று மேனருக்கும் தத்துவவாதி டெபோரா ஜான்சன் போன்றவர்களுக்கும் நீண்ட விவாதம் உண்டு. எனக்கு அந்த விவாதத்தில் பெரிய ருசி இல்லை. எப்படியும் சிக்கல் நம் வாசலுக்கு வந்துவிட்டது.

அந்தரங்கம் என்றால் மறைப்பதா?

“மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு என்ன பயம்?” இந்தக் கேள்வியைக் கேட்காத டீக்கடை இல்லை. இதில் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: அந்தரங்கம் என்றால் ரகசியம், ரகசியம் என்றால் தப்பு.

அந்தரங்கத்தை ஓர் உரிமையாக எழுதிக்காட்டிய புகழ்பெற்ற முதல் கட்டுரை 1890இல் அமெரிக்க வழக்கறிஞர்கள் வாரனும் பிரண்டைஸும் எழுதியது. கையடக்கக் கேமராவும் வம்பு எழுதும் செய்தித்தாளும் பெருகிய காலம் அது. ‘என்னை என்பாட்டுக்கு விடு’ என்று சொல்லும் உரிமை என்று அதை விளக்கினார்கள். பிறகு வந்தவர்கள், என் தகவல் யாரிடம் போகலாம் என்பதை நானே கட்டுப்படுத்துவதுதான் அந்தரங்கம் என்றார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டிலும் ஓட்டையும் உண்டு. அண்ணாச்சி என்னை என்பாட்டுக்கு விடவில்லை, என் பற்றை நான் கட்டுப்படுத்தவும் இல்லை. அப்படியும் என் அந்தரங்கம் கெடவில்லையே?

இதற்குப் பொருந்தும் விடையை 2004இல் ஹெலன் நிசன்பாம் என்ற ஆய்வாளர் கொடுத்தார். அவர் சொன்னதை ‘சூழல் ஒழுங்கு’ என்று தமிழில் வைத்துக்கொள்வோம்: ஒவ்வொரு தகவலும் ஒரு சூழலில் பிறக்கிறது; அந்தச் சூழலுக்கென்று, யாரிடமிருந்து யாருக்கு, எதற்காகப் போகலாம் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது; அதை மீறிப் பாய்ந்தால் அந்தரங்கம் மீறப்படுகிறது. தகவல் ரகசியமா இல்லையா என்பது இங்கே இரண்டாம் பட்சம்.

ஜாதகத்தைப் பாருங்கள். மகளுக்கு வரன் தேடும் அப்பா, ஜாதகத்தைத் தரகரிடம் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார். பிறந்த நேரம், படிப்பு, சம்பளம், போட்டோ எல்லாம் அதில் இருக்கும். நாலு குடும்பம் பார்ப்பதற்காகத்தான் கொடுத்தார். அதே தாள் வாட்ஸாப் வரன் குழு ஒன்றில் ஐநூறு பேருக்குப் போய், அங்கிருந்து இன்னும் மூன்று குழுவுக்குத் தாவி, முன்பின் தெரியாத ஒருவன் அந்தப் பெண்ணின் எண்ணுக்கு நள்ளிரவில் கூப்பிட்டால்? “நீங்களே கொடுத்ததுதானே அண்ணாச்சி” என்று தரகர் சொல்லக்கூடும். கொடுத்தது உண்மைதான். கொடுத்த சூழலைத்தான் அவர் உடைத்துவிட்டார்.

இதில் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்பது தனிக் கதை. அங்கே சம்மதம் என்ற சொல்லே தடுமாறுகிறது. செயலியில் இருபது பக்க நிபந்தனைக்குக் கீழே ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துவதும் ஏறத்தாழ அப்படித்தான். படிக்காமல், மறுக்க வழியில்லாமல் அழுத்துவதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நிறுவனங்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

பெயரை அழித்துவிட்டால் போதுமே என்று ஒரு சமாதானம் உண்டு. 2000ஆம் ஆண்டு லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர், அமெரிக்காவில் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே ஏறத்தாழ 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணக்கிட்டார். பெயர் நீக்கிய மருத்துவமனைத் தரவிலிருந்து மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்துக் காட்டினார்.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. உரிமை இருக்கிறது என்பதற்கு அது பதில். எந்தச் சூழலில் எந்தத் தகவல் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் வருகிறது.

சுருக்கமாக, அந்தரங்கத்தைப் பற்றிப் பேசும்போது ‘இது ரகசியமா?’ என்று தொடங்காமல் ‘இது எங்கிருந்து எங்கே போகிறது?’ என்று தொடங்கினால் பாதிச் சண்டை தீரும்.

இல்லாத கட்டமும் பேசும்

அடுத்த தவறான நம்பிக்கை: மனிதன் ஓரவஞ்சனை செய்வான், கணினி செய்யாது. அல்காரிதம் என்பது ஒரு வேலையை முடிப்பதற்கான படிப்படியான செய்முறை. அதற்குக் கோபமோ வெறுப்போ இல்லை என்பது சரி. ஆனால் படிகளை எழுதியவர் எதை முக்கியம் என்று நினைத்தாரோ அது படிகளுக்குள் உட்கார்ந்துவிடும். மூர் தன் கட்டுரையில் காட்டும் உதாரணம் சேபர் என்ற விமான முன்பதிவு அமைப்பு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துடையது. இன்னும் நல்ல விமானம் வேறு இருந்தாலும் சில சமயம் தன் விமானத்தையே பரிந்துரைக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. திரையைப் பார்க்கும் முகவருக்கு அது வெறும் பட்டியல்.

அது வேண்டுமென்றே செய்தது. வேண்டாமலே நடப்பதுதான் பெரிய சிக்கல். நம் பக்கம் ஒருவரின் சாதியை அறிய அவரிடம் கேட்க வேண்டியதே இல்லை. ஊர், தெரு, குலதெய்வக் கோயில், பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம், இதில் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். இப்போது கடன் விண்ணப்பங்களை வடிகட்டும் ஒரு மென்பொருளைக் கற்பனை செய்யுங்கள். சாதி என்ற கட்டமே அதில் இல்லை. ஆனால் முகவரி இருக்கிறது. முன்பு யாருக்கெல்லாம் கடன் மறுக்கப்பட்டது என்ற பழைய பதிவும் இருக்கிறது. அந்தப் பதிவைப் பார்த்துக் கற்கும் மென்பொருள், குறிப்பிட்ட தெருக்களுக்குக் கடன் தராமல் இருப்பதே நல்ல வழி என்று கற்றுக்கொள்ளும். கேட்காத ஒன்றின் இடத்தில் நின்று அதையே சொல்லிவிடும் தகவலைப் பதிலி என்பார்கள். தெருப்பெயர் இங்கே சாதிக்குப் பதிலி. “நாங்கள் சாதி கேட்பதே இல்லை” என்று வங்கி மேலாளர் மனசாரச் சொல்லலாம். சொல்வது உண்மை, நடப்பது வேறு.

அப்படியானால் நியாயமான மென்பொருளை எழுதிவிட முடியாதா? இங்கே கணக்கே கைவிரிக்கிறது. கைதானவர் மறுபடி குற்றம் செய்ய வாய்ப்புண்டா என்று மதிப்பெண் போடும் காம்பஸ் என்ற மென்பொருளை, புளோரிடாவின் ஒரு மாவட்டத்தில் 2016இல் ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. பிறகு எந்தக் குற்றமும் செய்யாதவர்களிலேயே, ‘ஆபத்தானவர்’ என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் வெள்ளையரைவிடக் கறுப்பரில் ஏறத்தாழ இரு மடங்கு. மென்பொருளைச் செய்த நிறுவனம் சொன்ன பதில்: ஒரே மதிப்பெண் வாங்கிய கறுப்பரும் வெள்ளையரும் பிறகு குற்றம் செய்த விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே எங்கள் மதிப்பெண் நியாயமானது.

இரண்டும் உண்மை! அந்த ஆண்டை ஒட்டியே ஆய்வாளர்கள் கணிதமாக நிறுவினார்கள்: இரண்டு குழுக்களின் பதிவான குற்ற விகிதம் வேறு வேறாக இருந்தால், எதிர்காலத்தைத் துளி பிசகாமல் சொல்லும் இயந்திரம் தவிர வேறு எதனாலும் இந்த இரண்டு வகை நியாயத்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எந்த நியாயம் முக்கியம் என்று தேர்வது நிரல் எழுதுபவரின் தொழில்நுட்ப முடிவு இல்லை, அது நாமெல்லாம் பேசி எடுக்க வேண்டிய முடிவு. போதாக்குறைக்கு, ‘பதிவான’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் சுற்றுகிறதோ அந்தத் தெருவில்தான் பதிவும் அதிகம் இருக்கும்.

“மிஷின் எடுக்கலை”: பதில் சொல்வது யார்?

என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மையக் கேள்வியே இதுதான். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் என்று பீடி சுற்றும் ஊர்கள் இங்கே நிறைய. மடியில் சுளவை வைத்து இலை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டிச் சுருட்டியே பெண்களுக்கு விரல் தேய்ந்துவிடும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னால் கருவி ஏற்க மறுக்கும். “மிஷின் எடுக்கலைம்மா, நாளைக்கு வாங்க” என்பார் கடைக்காரர். மாற்று வழி இருக்கிறது என்று விதி சொல்லலாம். ஆனால் வரிசையில் நிற்கும் அந்த அம்மாவுக்கு ‘இல்லை’ என்று சொன்னது யார்? கடைக்காரர் இல்லை, அவருக்கு அதிகாரமில்லை. கருவி செய்தவர் இல்லை, அவர் எங்கோ இருக்கிறார். தேய்ந்த ரேகைக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று அளவு வைத்தவர் யாரென்றே தெரியாது.

ஒரு விளைவில் பலருடைய கை இருப்பதால், தனியாக யாரையும் பொறுப்பாக்க முடியாமல் போவதைப் ‘பல கைகள் சிக்கல்’ என்பார்கள். நிசன்பாம் 1996இல் இதைக் கணினிக்குப் பொருத்திக் காட்டினார். பிழை இருப்பது சகஜம் என்ற மனப்பான்மை, கணினி மேல் பழி போடும் பழக்கம், மென்பொருளுக்கு உரிமையாளர் உண்டு ஆனால் பொறுப்பாளர் இல்லை என்ற நிலை, எல்லாம் சேர்ந்து பொறுப்பைக் கரைத்துவிடுகின்றன என்றார்.

எவ்வளவு தூரம் கரையும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சல் துறையின் கதையைவிடக் கொடுமையான சான்று இல்லை. அங்கே ஊர்க் கிளை அஞ்சலகங்களைப் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் தனிநபர்கள் நடத்துகிறார்கள். 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கொடுக்கப்பட்டது, செய்தது ஃபுஜிட்சு. கல்லாவில் காசு குறைகிறது என்று அது காட்டத் தொடங்கியது. ஒப்பந்தப்படி குறைவை அவர்கள்தான் நிரப்ப வேண்டும். நிரப்பினார்கள், கடன் வாங்கினார்கள், வீட்டை இழந்தார்கள். உதவி கேட்டு அழைத்த பலரிடம், இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லப்பட்டது. 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். பிழை மென்பொருளில் இருந்தது. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை நடத்துநர் முன்னின்று தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது.

இத்தனை ஆண்டுகள் எப்படி நடந்தது? ஒரு காரணம் வெறும் தத்துவம்தான். 1999இல் வந்த ஒரு சட்டத் திருத்தத்துக்குப் பின், மாறாகக் காட்டும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்ற எண்ணத்தோடு இங்கிலாந்து நீதிமன்றங்கள் தொடங்கின. மனிதன் சொன்னால் குறுக்கு விசாரணை உண்டு. கணினி சொன்னால் அதைப் பொய்யாக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். மென்பொருளின் உள்ளே பார்க்க வழியில்லாத ஒரு கிராமத்து அஞ்சலகக்காரர் அதை எப்படிப் பொய்யாக்குவார்? நம் சாட்சியச் சட்டப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தால், பொறுப்பில் உள்ள ஒருவர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல்கள் இதைச் சடங்கு என்று சலித்துக்கொள்வதுண்டு. கேள்வி கேட்க ஓர் ஆளை நிறுத்தி வைக்கிற அந்தச் சடங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

பற்று நோட்டில் அண்ணாச்சி தப்பாக எழுதிவிட்டால் “நான் எங்க அண்ணாச்சி ரெண்டு கிலோ வாங்குனேன்?” என்று கேட்கலாம். ஹொரைசனிடம் அப்படிக் கேட்க ஆளில்லை.

தெரிந்துகொள்ளும் உரிமை

இதுவரை தகவல் அதிகம் பரவுவதைப் பற்றியே பேசினோம். பரவாமல் இருப்பதும் தவறாகலாம். உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. தீநிரல் என்பது கெடுதல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட நிரல். 29ஆம் தேதி நிலையத் தரப்பு அதைப் பொய்ச்செய்தி என்று மறுத்தது. மறுநாள், நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்றது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது, உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது, அது பாதிக்கப்படவில்லை என்பது விளக்கம். செப்டம்பர் 4ஆம் தேதியே தங்களுக்கு இது தெரிவிக்கப்பட்டது என்றும் சொன்னது.

விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்படியும் கேள்வி மிச்சமிருக்கிறது. இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் குடியிருப்பவருக்கு அந்த இரண்டு மாதத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா? எல்லாவற்றையும் சொன்னால் தாக்கியவனுக்கும் வழி தெரிந்துவிடும் என்பது பாதுகாப்புக்காரர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு சொல்லலாம் என்பதில் கருத்து வேறுபடலாம். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதற்கு மட்டும் அந்த வாதம் இடம் தராது.

இயந்திரத்திடம் கொடுக்கக் கூடாதது உண்டா?

1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் எலைசா என்ற சிறு நிரலை எழுதினார். மனநல மருத்துவர் போலப் பேசும். உண்மையில் நாம் தட்டியதையே திருப்பிக் கேள்வியாக்கும், அவ்வளவுதான். ஆனால் அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டுப் போங்கள் என்றாராம். வைசன்பாம் திடுக்கிட்டார். கணினியால் என்னென்ன முடியும் என்பது ஒரு கேள்வி, முடிந்தாலும் எதைக் கொடுக்கக் கூடாது என்பது வேறு கேள்வி என்று பத்தாண்டு கழித்து எழுதினார். தீர்ப்பு சொல்வதும் மனநோயாளிக்கு ஆறுதல் சொல்வதும் அவருடைய ‘கூடாது’ பட்டியலில் இருந்தன. அனுதாபம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலைகள் அவை என்பது அவர் காரணம்.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. மனித அதிகாரிக்கும் பசி உண்டு, சாதி உண்டு, சிபாரிசு உண்டு. தாலுகா அலுவலகத்தில் ஒரு தாளுக்காக நடையாய் நடந்தவர், மனுசனைவிட மிஷினே மேல் என்று சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் முடிவை இயந்திரம் எடுப்பதும், முடிவின் மேல் முறையீட்டையும் இயந்திரமே கேட்பதும் ஒன்றில்லை. முதலாவதை வேலையைப் பொறுத்துப் பேரம் பேசலாம். இரண்டாவதில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்பது என் நிலை.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22ஆம் பிரிவு இதற்கு ஓரளவு இடம் தருகிறது. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் அந்த விதிமுறைப்படி, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை முழுக்க இயந்திரம் மட்டுமே எடுப்பதை, சில விலக்குகள் தவிர, அவர் மறுக்கலாம். விலக்கு பொருந்தும் இடங்களிலும் மனிதர் ஒருவர் தலையிட வேண்டும் என்று பெரும்பாலும் கேட்கலாம். நம்முடைய 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. இறந்த பிறகு தன் தரவுரிமையை யார் கையாள வேண்டும் என்று ஒருவரை நியமிக்கக்கூட வழி வைத்திருக்கிறது. 22ஆம் பிரிவு போன்ற ஒன்று மட்டும் அதில் இல்லை.